உப்பை வாசலிலேயே தடுக்கும் நெல்

கடலோரப் பொக்காளியின் பலம் வேரில் இருப்பதை பெங்களூரு ஆய்வகம் ஒன்று காட்டியது. ஒரே மரபணுவில் தீர்வு தேடியவர்களுக்கு அது ஒரு பாடம்.

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க ஏறக்குறைய 300 கி.மீ. பயணம் செய்யவேண்டும். ஆனால் அங்கே, வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இயங்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில்தான் கேரளக் கடற்கரையின் நெல் ரகம் ஒன்று பல ஆண்டுகள் ஆராய்ச்சிக்கு உள்ளானது. அதன் பெயர் பொக்காளி.

எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் உப்பங்கழிகளை ஒட்டிய வயல்களில் இது விளைகிறது. ஜூன் மழை உப்பைக் கழுவியதும் மண் மேடுகளில் விதைப்பார்கள். அறுவடையில் கதிர் உள்ள மேற்பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை விட்டுவிடுவார்கள். பிறகு உப்பு நீர் ஏறும். தாள் அழுகி இறாலுக்குத் தீனியாகும். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த நெல்லுக்கு உரமும் வேண்டாம், பூச்சிமருந்தும் வேண்டாம். மற்ற நெல் ரகங்கள் கருகிப்போகும் உப்பிலும் இது பிழைத்துவிடும்.

எப்படி?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். பயிரின் கதை நேர்மாறானது. சுற்றிலும் உப்பு மிகுந்துவிட்டால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றபடியே தாகத்தில் வாடும். அதையும் சமாளித்தால் அடுத்த ஆபத்து சோடியம். பயிருக்கு அவசியமான பொட்டாசியத்தைப் போலவே தோற்றம் காட்டி, அது செல்லுக்குள் நுழைந்துவிடும். இலைகளில் சேரச் சேர செல்லின் வேலைகள் ஒவ்வொன்றாக நிற்கும். தானியப் பயிர்களில் உப்புக்கு மிகவும் அஞ்சுவது நெல்தான்.

இந்தியாவில் உப்பாலும் களராலும் கெட்டுப்போன நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். 2004 டிசம்பர் சுனாமியின்போது நாகப்பட்டினம் மாவட்ட வயல்களுக்குள் கடல் புகுந்ததைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. சுனாமி இல்லாத ஆண்டுகளிலும் வடிகால் இல்லாத பாசனம், வற்றும் நிலத்தடி நீர், உயரும் கடல் மட்டம் ஆகியவை அதே வேலையை ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன.

ஆகவேதான் விஞ்ஞானிகளுக்கு அவசரம். 2001இல் வட அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஒரு தக்காளிச் செடியை உருவாக்கினார்கள். செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பைக்குள் சோடியத்தைத் தள்ளிப் பூட்டும் ஒரே ஒரு மரபணுவை அதில் தூண்டிவிட்டிருந்தார்கள். லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்புள்ள நீரிலும் அது காய்த்தது. இலையில் உப்பு சேர்ந்தாலும் பழத்தில் ஏறவில்லை. உலகமே கைதட்டியது. அந்தத் தக்காளி சந்தைக்கு வரவில்லை. ஆய்வகத் தொட்டி வேறு, வெயிலும் மழையும் பூச்சியும் உள்ள வயல் வேறு.

பெங்களூருவில் எம்.கே. மேத்யூ தலைமையிலான குழு வேறு திசையில் பார்த்தது. புதிதாக ஒன்றைத் திணிப்பதற்கு முன், ஏற்கெனவே பிழைக்கத் தெரிந்த நெல் என்ன செய்கிறது என்று கேட்டது. மைசூர்ப் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டன. பன்னகா கிருஷ்ணமூர்த்தி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வுக் கட்டுரை 2009இல் வெளியானது. ஒப்பிடப்பட்டவை மூன்று ரகங்கள்: உப்பைத் தாங்கும் பொக்காளி, ஓரளவு தாங்கும் ஜெயா, தாங்காத ஐ.ஆர்.20. கடைசி ரகம் தமிழக விவசாயிகளுக்கு நன்கு பழக்கமானது.

வேரைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. வேரின் வெளியடுக்கிலும், நீர்க்குழாய்களைச் சுற்றியுள்ள உள்ளடுக்கிலும் சூபெரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிந்திருக்கும். பாட்டில் மூடும் தக்கையில் இருப்பதும் இதுதான். செல்களுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாக உப்பு நீர் நேரே உள்ளே போகாமல் தடுக்கும் மதில் இது. மூன்று ரகங்களில் பொக்காளியில்தான் மதில் மிகப் பலமாக இருந்தது. தண்டிலும் இலையிலும் சோடியம் மிகக் குறைவாக இருந்ததும் அதில்தான்.

முக்கியமான செய்தி அடுத்ததுதான். மதில் கட்டும் மரபணுக்கள் பொக்காளிக்கு மட்டும் சொந்தமல்ல. உப்பு பட்ட அரை மணி நேரத்துக்குள், தாங்காத ரகத்திலும்கூட அவற்றின் கட்டளைகள் அதிகரித்தன. சாமான் இரு வீட்டிலும் இருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் முன்கூட்டியே சுவரைத் தடிப்பாக எழுப்பிவைத்திருக்கிறார். மதிலை முழுதாகப் பலப்படுத்தச் சில நாட்கள் பிடிக்கும்; அதற்குள் உப்பு ஏறிவிட்டால் பயிர் போய்விடும்.

2011இல் வந்த தொடர் ஆய்வு இதை உறுதி செய்தது. லிட்டருக்குச் சுமார் 6 கிராம் உப்பில் முதலில் பழக்கிய நாற்றுகள், பிறகு அதைப்போல் இரு மடங்கு, சாதாரணமாகக் கொன்றுவிடும் அளவு உப்பையும் முன்னைவிட நன்றாகத் தாங்கின. மறு ஆண்டு, பிரிட்டிஷ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து வேர்ச் செல்களின் வாயில்களை அளந்தார்கள். ஐ.ஆர்.20 செல்களுக்குள் சோடியம் வேகமாகப் புகுந்தது. ஆனால் இரு ரகங்களின் வாயில்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. ‘இந்த மரபணு இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும்’ என்ற எளிய கணக்கு இங்கே செல்லவில்லை.

மதிலைத் தாண்டி வரும் உப்புக்கு இரண்டாவது காவல் உண்டு. வங்காளத்தின் நோனா போக்ரா என்ற நாட்டு நெல்லில் 2005இல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மரபணு ஒன்று, நீர்க்குழாயில் ஏறும் சோடியத்தை வழியிலேயே திரும்ப எடுத்துவிடுகிறது. முதலாம் குரோமோசோமில் அது இருக்கும் பகுதியில்தான் பொக்காளியிலிருந்து ‘சால்டால்’ என்ற மரபுத் துண்டும் அடையாளம் காணப்பட்டது. அதை சாதாரணக் கலப்பு முறையில் பாஸ்மதி உள்ளிட்ட பல ரகங்களுக்கு இந்திய விஞ்ஞானிகள் மாற்றியிருக்கிறார்கள். பொக்காளி நெடிதாக வளரும், சாய்ந்துவிடும், விளைச்சல் குறைவு. எனவே அதையே எங்கும் நடமுடியாது. அதன் குணத்தைத்தான் கடன் வாங்க வேண்டும்.

மதிலின் கதையும் நிற்கவில்லை. சிங்கப்பூர் சென்ற பன்னகா கிருஷ்ணமூர்த்தி, அங்குள்ள ஆய்வாளர்களுடன் சேர்ந்து அலையாத்தி மரத்தின் வேரை ஆராய்ந்தார். சூபெரின் தயாரிப்பில் பங்கேற்கும் அதன் மரபணு ஒன்றை நெல் நாற்றில் புகுத்தியபோது உப்பைத் தாங்கும் திறன் கூடியது என்று 2020இல் அந்தக் குழு எழுதியது.

2025 மே மாதம் மத்திய அரசு இன்னொரு வழியை அறிவித்தது. எம்.டி.யூ. 1010 ரகத்தில் இலைத்துளைகள் மூடுவதைத் தடுக்கும் மரபணு ஒன்றை முடக்கி, ‘பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1’ உருவாக்கப்பட்டிருக்கிறது. துளை மூடினால் நீர் இழப்பு குறையும். வெளி மரபணு இல்லை என்பது விஞ்ஞானிகளின் வாதம். பரிசோதனை போதாது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். முடிவு சொல்லவேண்டியது உப்பு வயல்தான்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் மூலதனம் ஒன்றே: உப்போடு தலைமுறை தலைமுறையாகப் போராடிய விவசாயிகள் பொறுக்கி வைத்த விதை. கர்நாடகத்துக்கும் சொந்தமாக ஒரு பொக்காளி உண்டு. உத்தர கன்னட மாவட்டத்தில், குமட்டா அருகே அகநாசினி ஆற்றின் கழிமுகத்தில் விளையும் ‘கக்கா’ நெல் அது. நாகப்பட்டினம் பக்கத்துக் குழியடிச்சானும் அதே இனம். கூலி கட்டுப்படியாகாததாலும் இறால் அதிக லாபம் தருவதாலும் பொக்காளி, கக்கா வயல்கள் சுருங்கிவருகின்றன.

விதையைக் குளிர்பதன வங்கியில் பத்திரப்படுத்தலாம். ஆனால் அங்கே அலை ஏறாது, உப்பு கரிக்காது. இனி வரப்போகும் உப்பைத் தாங்கும் விதையைப் பொறுக்கி எடுக்க, விவசாயி இறங்கி நிற்கும் உப்பு வயல் வேண்டும்.