'பார்ட்'டும் பாடமும்

தொடக்ககால ஆங்கில மேடையில் 'பார்ட்' என்பது கதைமாந்தரை மட்டுமன்றி, நடிகரிடம் தரப்பெற்ற தாளையும் குறித்தது. ராபர்ட் கிரீனின் 'ஒர்லாண்டோ ஃபியூரியோசோ' நாடகத்திற்கென எட்வர்ட் ஆலின் பெற்ற 'பார்ட்' லண்டன் டல்விச் கல்லூரியில் உள்ளது. தாள்களை ஒட்டிய அந்நீள்சுருளில் அவருக்குரிய பேச்சும், பிறர் பேச்சின் இறுதிச் சொற்கள் சிலவுமே உண்டு. ஆலின் கைப்படச் செய்த திருத்தங்களும் காணப்படுகின்றன. ('ரோல்' என்பதும் சுருளிலிருந்து பிறந்த சொல்லே.)

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத் தமிழ்மேடை இச்சொல்லை ஏற்றபோது தாளை விட்டுவிட்டது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் ஆகியன வேடவகைகள். நடிகர் மனனம் செய்தது 'பாடம்'. எனவே 'பார்ட்' என்பதை எங்கும் 'பாத்திரம்' எனப் பெயர்த்தால் ஆலினின் சுருள் மறைந்துவிடும். தாளைச் சுட்டுமிடத்தில் 'பாடம்' பொருந்தும். சுவடிப் பதிப்பில் அச்சொல் வேறுபொருள் தருமெனினும், சூழல் மயக்கத்தை நீக்கும்.