புடைவை வாணிகத்தில் இலக்கமுறைச் சான்றும் நம்பிக்கையும்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதனவற்றுள் உணவுக்கு அடுத்து வைத்து எண்ணப்படுவது உடையாகும். முற்காலத்தில் நெய்தவனை உடுத்துவோன் அறிந்திருந்தான். இக்காலத்திலோ ஒரு நாட்டில் விளைந்த பருத்தி மற்றொரு நாட்டில் நூலாகி, வேறொரு நாட்டில் ஆடையாகி, நெடுந்தூரங் கடந்து அங்காடியை அடைகின்றது. நஞ்சும் செயற்கை உரமும் இடாது இயற்கை முறையில் விளைந்த பருத்திக்கும் ஏனைய பருத்திக்கும் கண்ணாற் காணத்தகும் வேறுபாடு யாதுமில்லை. விலையில் மட்டும் வேறுபாடுண்டு. வஞ்சனைக்கு இடமளிப்பது இதுவேயாகும்.

இக்குறையை நீக்குதற்பொருட்டே சான்றிதழ் முறை எழுந்தது. சரக்குக் கைமாறுந்தோறும் அதன் நிறையையும் தன்மையையும் குறிக்கும் பரிமாற்றச் சான்றிதழ் ஒன்று உடன்செல்லும். ஒருவன் வாங்கிய அளவினும் விற்ற அளவு மிகுமாயின் கலப்பு நிகழ்ந்தமை புலனாகும். இந்நாளில் இச்சான்றிதழ்கள் கணினிப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுக் கியூ.ஆர். குறியினாற் சரிபார்க்கப்படுகின்றன.

ஆயினும் 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளிப்பட்ட செய்தி சிந்திக்கற்பாலது. இயற்கைமுறைப் புடைவைகளுக்கு உலகளாவிய தரம் வகுக்கும் கோட்ஸ் என்னும் அமைப்பு, ஏறத்தாழ 20,000 மெற்றிக் தொன் பருத்தி பொய்ச் சான்றிதழ்களுடன் விற்கப்பட்டமையைக் கண்டறிந்து, 11 நிறுவனங்களைத் தன் சான்று முறையினின்றும் விலக்கியது. அப்பொய்ப் பத்திரங்களிலும் கியூ.ஆர். குறி இருந்தது. அதன்வழிச் சென்றோர் கண்டது, இந்திய அரசின் அபீடா நிறுவனத்தினுடையது போலவே சமைக்கப்பட்ட போலி இணையத்தளமாகும்.

இதனால் விளங்குவது யாது? கணினி தன்பால் ஒப்படைத்ததைக் காக்கும். அது மெய்யோ என ஆராயாது. பிளாக்செயின் எனப்படும் தொடரேட்டில் எழுதியதை மாற்றுதல் அரிது; எனினும் முதற்பதிவு பொய்யாயின் அப்பொய்யும் அழியாது நிலைபெறும். எனவே பரிசோதனை தொடக்கத்திலேயே நிகழ்தல் வேண்டும். உழவர் பலரின் பருத்தி ஒன்றாய்க் கலப்பது கொட்டை நீக்கும் ஆலையிலாகும். அங்கு மரபணுச் சோதனை செய்யின் மரபணு மாற்றிய பருத்தி கலந்தமை தெரியவரும். நஞ்சு தெளிக்கப்பட்டதா என்பதை அச்சோதனை காட்டாது. அதற்கு வயலுக்கே சென்று பார்க்கும் நேர்மையான ஆய்வாளர் வேண்டும்.

பொய்ச்சரக்கு மலியுமாயின் முதலில் இழப்பவன், மெய்யாகவே நஞ்சின்றி விளைவித்த உழவனாவான். அவன் உழைப்பிற்குரிய விலை வீழ்ந்துவிடும்.

2024ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய சட்டம், பொருள்களுக்கு இலக்கமுறைக் கடவுச்சீட்டு வழங்க வழிவகுத்துள்ளது. முதற்கண் கருதப்படும் பொருள்களுள் புடைவையும் ஒன்று. இலங்கை ஆடைகளுக்கு ஐரோப்பா பெருஞ்சந்தையாதலின் இது நமக்கும் உரிய செய்தியே. கணக்கியலும் கணினியியலும் பயிலும் நம் மாணவர் நாளை இத்தகைய பதிவுகளை எழுதுவோராதல் கூடும். தாம் எழுதும் முதல் வரியை நம்பியே பின்வருவோர் அனைவரும் வாங்குவர் என்பதை அவர்கள் உளங்கொள்வாராக.