வெல்ஸ் எழுதிய போரும் வெள்ளித்திரை காட்டிய போரும்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

புகழ்பெற்ற நாவல் ஒன்று திரைப்படமாக வெளிவந்தால், அதை விரும்பிப் படித்தவர்களிடையே உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். “நாவலைக் கெடுத்துவிட்டார்கள்” என்பது ஒரு கட்சி. “புத்தகம் வேறு, படம் வேறு, படத்தைப் படமாகத்தான் பார்க்க வேண்டும்” என்பது மறு கட்சி. இந்த வழக்கு எழாத நாடு இல்லை. ஆங்கில விஞ்ஞானக் கதைகளில் இவ்வழக்கு மிக நீண்ட காலமாக நடந்துவருவது எச்.ஜி. வெல்ஸ் எழுதிய ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவலைப் பற்றித்தான். ‘உலகங்களின் போர்’ என்று இதைத் தமிழில் சொல்லலாம். ரசிகர்கள் எதற்காக வாதாடுகிறார்கள், அவர்களுடைய வாதத்தில் நாம் கற்றுக்கொள்ளத்தக்கது என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலும் அதன் கருத்தும்

வெல்ஸ் 1866-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் டி.எச். ஹக்ஸ்லி என்ற உயிரியல் பேரறிஞரிடம் பாடம் கேட்டவர். லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள வோக்கிங் என்னும் ஊரில் குடியிருந்தபோது இந்நாவலை எழுதினார். சுற்றுப்புறமெங்கும் மிதிவண்டியில் சென்று, கதையில் எந்த இடத்தை அழிப்பது என்று பார்த்து வந்தாராம்! 1897-இல் பத்திரிகைத் தொடராகவும், 1898-இல் நூலாகவும் இக்கதை வெளிவந்தது.

வோக்கிங் அருகே ஹார்செல் பொட்டலில் ஒரு பெரிய உருளை வானத்திலிருந்து விழுகிறது. அதிலிருந்து செவ்வாய்க் கிரகவாசிகள் வெளிவருகிறார்கள். மூன்று கால்களில் நடக்கும் உயரமான இயந்திரங்களில் ஏறி, வெப்பக் கதிராலும் நச்சுக் கரும்புகையாலும் ஊர்களை அழிக்கிறார்கள். பீரங்கிகளால் பயனில்லை. லண்டன் மாநகரமே காலியாகிறது. கடைசியில், எந்த ஆயுதத்தாலும் சாகாத அவர்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகளால் மடிந்துபோகிறார்கள்.

இது வெறும் பயங்கரக் கதையன்று. முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் தம் நாட்டு மக்களை ஒரு கேள்வி கேட்கிறார். ஐரோப்பியர் குடியேறிய ஐம்பது ஆண்டுகளில் டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்த கொடுமையை நினைவூட்டி, அப்படிச் செய்த நாம் செவ்வாய்வாசிகளைக் குறைகூற முடியுமா என்கிறார். அம்மக்கள் முற்றிலும் அழிந்துவிட்டதாக அக்காலத்தார் எண்ணினர். ஆனால் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் டாஸ்மேனியாவில் வாழ்கிறார்கள். இக்கதைக்கான எண்ணத்தைத் தந்தவர் வெல்ஸின் அண்ணன் பிராங்க். நூலை அவருக்கே வெல்ஸ் காணிக்கையாக்கியிருக்கிறார். உலகில் கால் பங்கை ஆண்ட ஒரு நாட்டை நோக்கி, “ஆளப்படுபவன் நிலையில் உன்னை வைத்துப் பார்” என்று ஒரு கதை கூறியது. அன்று அந்த ஆட்சியின்கீழ் நம் நாடும் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கேள்வியின் கூர்மை நமக்கு விளங்கும்.

திரைக்கு வந்த வடிவங்கள்

1953-இல் ஜார்ஜ் பால் தயாரித்து, பைரன் ஹாஸ்கின் இயக்கிய அமெரிக்கப் படம் வந்தது. தந்திரக் காட்சிகளுக்காக ஆஸ்கார் பரிசும் பெற்றது. 2005-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி, டாம் குரூஸ் நடித்த படம் வந்தது. அதே ஆண்டில் பென்டிராகன் என்ற சிறிய நிறுவனத்தின் படமும் வெளிவந்தது. 2019-இல் பி.பி.சி. மூன்று பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பியது. இவற்றை வைத்து ரசிகர்கள் நடத்தும் வழக்குகளில் முக்கியமானவை நான்கு.

முதல் வழக்கு: காலமும் இடமும்

1953-ஆம் ஆண்டுப் படம் கதையைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்விட்டது. காலமும் அந்த 1953 தான். மூன்று கால் இயந்திரங்களுக்குப் பதிலாகப் பறக்கும் உலோகக் கலங்கள் வருகின்றன. நாகப்பாம்பு போல் கழுத்தை நீட்டி அவை கதிரைப் பாய்ச்சுகின்றன. பீரங்கிக்குப் பதில் அணுகுண்டு போடுகிறார்கள், அதுவும் பலிக்கவில்லை. ஸ்பீல்பெர்க் படத்தில் மூன்று கால் இயந்திரங்கள் திரும்பி வந்தன. ஆனால் கதை நடப்பது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில். கதாநாயகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தொழிலாளி. 1965-இல் மரைனர்-4 விண்கலம் அனுப்பிய படங்கள் செவ்வாய் ஒரு வறண்ட பாழ்நிலம் என்று காட்டிவிட்டன. ஆகவே இப்படத்தில் வந்தவர்கள் எந்தக் கிரகத்தார் என்றே சொல்லப்படுவதில்லை.

“இது வெல்ஸ் கதையா?” என்று கேட்பவர்கள் பலர். எதிர்க்கட்சியாரின் பதிலும் வலிமையானதே. வெல்ஸ் தம் வாசகர்கள் நாள்தோறும் நடக்கும் தெருக்களிலேயே போரை நடத்தினார். பயம் நம் ஊரில் நடந்தால்தான் பயம். அந்த முறைப்படி பார்த்தால், அணுகுண்டுப் பயத்தில் வாழ்ந்த 1953-ஆம் ஆண்டு மக்களுக்கு அவர்கள் ஊரையும், 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் தாக்குதலைக் கண்ட மக்களுக்கு அவர்கள் தெருவையும் காட்டியது வெல்ஸ் செய்ததேயாகும்.

பென்டிராகன் நிறுவனப் படமோ பழைய இங்கிலாந்தையே வைத்துக்கொண்டு நாவலைப் பக்கத்துக்குப் பக்கம் பின்பற்றியது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் அப்படம் திரையரங்குகளுக்கு வராமல் நேரே டி.வி.டி.யாக வெளிவந்தது. தந்திரக் காட்சிகளும் நடிப்பும் எடுபடாமற்போனதால், நாவலின் தீவிர ரசிகர்களே அதைக் கண்டு சலித்துக்கொண்டார்கள். எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இது ஒரு நல்ல பாடம்.

இரண்டாம் வழக்கு: குருவானவர் கோழையா, வீரரா?

நம் போன்ற பள்ளியில் படிப்பவர்களுக்கு மிக நெருக்கமான வழக்கு இது. நாவலில் ஆங்கிலிக்கன் சபையின் உதவிக் குரு ஒருவர் வருகிறார். அழிவைக் கண்டதும் மனம் உடைந்துபோகிறார். தாம் செய்த நற்பணிகளுக்கெல்லாம் இதுவா பலன் என்று புலம்புகிறார். இடிந்த வீடொன்றில் கதை சொல்பவரோடு ஒளிந்திருக்கும்போது, உணவையும் பங்கிட மனமில்லாமல், அமைதியாகவும் இருக்க மாட்டாமல் கூச்சலிடத் தொடங்குகிறார். உயிருக்குப் பயந்த கதை சொல்பவர் அவரை அடித்து வீழ்த்துகிறார். செவ்வாய்வாசிகள் அவரை இழுத்துச் சென்றுவிடுகிறார்கள்.

1953-ஆம் ஆண்டுப் படமோ இதைத் தலைகீழாக மாற்றிவிட்டது. அதில் வரும் போதகர் காலின்ஸ், வந்தவர்களோடு சமாதானம் பேச வேண்டும் என்று, 23-ஆம் திருப்பாடலைச் சொல்லிக்கொண்டே தன்னந்தனியாக இயந்திரங்களை நோக்கி நடக்கிறார். கதிர் அவரைச் சாம்பலாக்குகிறது. ஸ்பீல்பெர்க் படத்தில் குருவே இல்லை. குருவையும், நாவலில் வரும் பீரங்கிப் படைவீரனையும் ஒன்றாகச் சேர்த்து ஓகில்வி என்று ஒரு பாத்திரத்தைப் படைத்திருக்கிறார்கள். தன் மகளைக் காப்பதற்காகக் கதாநாயகன் அவனைக் கொன்றுவிடுகிறான்.

போதகர் காலின்ஸைக் கண்டால் நம் மனம் உருகுகிறது. தம் ஆடுகளுக்காக உயிர் கொடுக்கும் நல்ல ஆயனை நினைக்கிறோம். வெல்ஸ் கிறிஸ்தவ நம்பிக்கையில் நிலைத்தவர் அல்லர். அவர் படைத்த குருவை நமக்குப் பிடிக்காமல் போவதும் இயல்பே. ஆயினும் அந்தப் பாத்திரத்தை நாம் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. அவர் விசுவாசத்தால் வீழவில்லை. அவருடைய விசுவாசம் ஆழமற்றதாக இருந்ததால் வீழ்ந்தார். “நான் கோயிலுக்குப் போகிறேன், ஆகவே எனக்குத் துன்பம் வரக் கூடாது” என்று கடவுளோடு கணக்குப் போடுபவர்கள் நம்மிலும் உண்டு. புனித பேதுருவே ஒரு பணிப்பெண்ணுக்கு அஞ்சி மூன்று முறை மறுதலித்தார் அல்லவா? காலின்ஸ் நாம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறார். நாவலின் குருவோ நாம் எப்படி ஆகிவிடக்கூடும் என்று எச்சரிக்கிறார். இருவருமே நமக்கு வேண்டும்.

மூன்றாம் வழக்கு: பெண்கள் எங்கே?

நாவலில் கதை சொல்பவரின் மனைவிக்குப் பெயர்கூட இல்லை. தொடக்கத்திலேயே லெதர்ஹெட் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டு, கடைசிப் பக்கங்களில்தான் திரும்பி வருகிறார். அதற்காக வெல்ஸ் பெண்களையே மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. லண்டனிலிருந்து மக்கள் ஓடும் காட்சியில் மிஸ் எல்ஃபின்ஸ்டன் என்ற இளம்பெண் வருகிறாள். வண்டியைப் பறிக்க வந்த முரடர்களை நோக்கித் துப்பாக்கியால் சுட்டு, தன் அண்ணியையும், உதவிக்கு வந்த ஆண்மகனையும் காப்பவள் அவளே!

1953-ஆம் ஆண்டுப் படத்தின் கதாநாயகி சில்வியா பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பிப்பவள். இவ்வளவு படித்தவளாகக் காட்டிவிட்டு, பிற்பகுதியில் அவளை அலறவும், காப்பி கொடுக்கவும் விட்டுவிட்டார்கள். 1898-இல் எழுதிய நாவலைவிட 1953-இல் எடுத்த படம் இந்த ஒரு விஷயத்தில் பின்தங்கியது வியப்பே. 2019-ஆம் ஆண்டுத் தொடர் ஏமி என்ற பெண்ணையே முக்கியப் பாத்திரமாக்கியது. கதை காலத்தில் முன்னும் பின்னும் தாவுவது குழப்பமாக இருக்கிறது என்று ரசிகர்கள் பலர் குறைப்பட்டார்கள். அது நியாயமாக இருக்கலாம். ஆனால் பெண்ணை முன்னிறுத்தியதையே குற்றமாகக் கூறுபவர்கள் மிஸ் எல்ஃபின்ஸ்டனை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

நான்காம் வழக்கு: முடிவு

1953-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் ஆலயங்களில் கூடி ஜெபிக்கிறார்கள். அந்த நேரத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. “விஞ்ஞானக் கதையைப் பிரசங்கமாக்கிவிட்டார்கள்” என்று கூறும் ரசிகர்கள் உண்டு. ஆனால் அவர்கள் மறந்த செய்தி ஒன்றிருக்கிறது. மனிதனின் ஆயுதங்கள் யாவும் தோற்றபின், இறைவன் தம் ஞானத்தால் பூமியில் வைத்த மிகச் சிறிய உயிர்களே பகைவரைக் கொன்றன என்ற கருத்தை வெல்ஸே தம் நாவலில் எழுதியிருக்கிறார்! படம் அதை ஜெபத்தோடு சேர்த்துக் காட்டியது, அவ்வளவே.

அதே சமயம் படங்கள் விரைந்து கடந்துபோகும் ஒன்றை வெல்ஸ் விளக்கமாகச் சொல்கிறார். கிருமிகளை எதிர்க்கும் சக்தி மனிதனுக்கு இலவசமாகக் கிடைக்கவில்லை. எண்ணற்ற தலைமுறைகளில் எண்ணற்றோர் நோயால் மாண்டனர். எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் பிழைத்தனர். அந்த மரணங்களை விலையாகக் கொடுத்தே இப்பூமியில் வாழும் உரிமையை மனிதன் பெற்றான். ஹக்ஸ்லியின் மாணவர் பேசுவது இங்கே கேட்கிறது. வரலாற்றில் நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது என்பதையும் நாம் அறிய வேண்டும். 1492-க்குப் பின் ஐரோப்பியர் கொண்டுவந்த பெரியம்மை முதலிய நோய்களால் அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளே பெருவாரியாக மடிந்தனர். வெல்ஸின் கதையில்தான் படையெடுத்தவன் நோயால் விழுகிறான்.

ஸ்பீல்பெர்க் படத்தில் போர்முனைக்கு ஓடிய மகன் கடைசியில் உயிரோடு பாஸ்டன் நகரில் வந்து நிற்பதைப் பலர் பரிகசிப்பார்கள். இறந்ததாக எண்ணிய மனைவியைக் கடைசியில் கதை சொல்பவரோடு சேர்த்துவைத்தவர் வெல்ஸே என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

முடிவுரை

அப்படியானால் எந்தப் படம் நாவலுக்கு உண்மையானது? ஊரும் உடையும் இயந்திரத்தின் கால்களும் வெளித்தோற்றம் மட்டுமே. வலிமையுள்ளவன் தன்னிலும் வலிமையானவன் முன் நிற்கும்போது தன் பழைய செயல்களை எண்ணிப் பார்க்கிறானா என்பதே நாவலின் உயிர். பெரியவை வீழ, சிறியவை வெல்கின்றன என்பது அதன் முடிவு. தாவீதின் கவணையும், வலியோரைத் தாழ்த்தி எளியோரை உயர்த்தும் இறைவனைப் போற்றிய நம் அன்னை மரியாளையும் அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று.

இந்த முடிவை 1953-ஆம் ஆண்டுப் படம் பக்தியோடு காட்டியது. ஆனால் டாஸ்மேனியக் கேள்வியை விட்டுவிட்டது. அந்நியர் ஆக்கிரமிப்பு எதுவும் நிலைத்ததில்லை என்று 2005-ஆம் ஆண்டுப் படத்தில் ஓகில்வி சொல்லும்போது அக்கேள்வி ஒரு கணம் எட்டிப்பார்க்கிறது. எந்தப் படமும் முழு நாவலையும் தந்துவிடவில்லை. அதனால்தான் நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வழக்கு ஓயவில்லை.

தோழியரே, ஒரு படம் நாவலைக் கெடுத்துவிட்டது என்று யாராவது சொன்னால், “எந்தப் பக்கத்தை?” என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தபின் வாதாடுங்கள். படம் பார்த்தவர்கள் புத்தகத்தைத் தேடிச் செல்வார்களானால், அந்த வழக்கில் இரு கட்சிக்கும் வெற்றியே!