கடற்காற்றும் இளம்பருவமும்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்தை அடுத்துள்ள ஊர் சேரப்பணஞ்சேரி. கோடைப் பிற்பகலில் அங்குப் புழுக்கம் சற்றுத் தணிவதுண்டு. பகலில் நிலம் விரைந்து சூடேறுவதால் அதன் மேலுள்ள காற்று மேலெழும்புகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்காற்று உள்நாட்டை நோக்கி நகர்கிறது. தொழிற்சாலைகளுக்கு நடுவே, கடலைக் காணாமல் நாள்களைக் கழிக்கும் மாணவருக்கும் கிட்டும் கடலின் கொடை இது.

கடலருகே வாழ்வது நலம் தருமா? இங்கிலாந்தின் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்ந்தோர், கரையருகே வாழ்வோரில் தம் உடல்நலம் நன்று என்போர் சற்று மிகுதி எனக் கண்டனர். ஆயினும், அந்நாட்டுத் தலைமை மருத்துவ அலுவலரின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, கடலோர ஊர்கள் பலவற்றில் வறுமையும் நோயும் மிகுந்திருப்பதைச் சுட்டியது. கடற்காட்சி மட்டும் நலம் தந்துவிடுவதில்லை. நெய்தல் திணைக்குத் தமிழர் வகுத்த உரிப்பொருளும் அமைதியன்று, இரங்கலே.

அவ்விரங்கல் 2004 டிசம்பர் 26 அன்று பேருருக் கொண்டது. ஆழிப்பேரலைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் பலியாயினர். தாலாட்டாக இருந்த அலையோசையே பிள்ளைகளுக்கு அச்சமாயிற்று. ஆபத்தின்போது கேட்ட ஒலியை மூளை ஆபத்தோடு பிணைத்துக்கொள்கிறது. பாதுகாப்பான சூழலில் அவ்வொலியை மீண்டும் மீண்டும் கேட்கும்போது அப்பிணைப்புத் தளர்கிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இத்தகைய பணிக்கு உள்ளூர்த் தொண்டர்களைப் பயிற்றுவித்தது. ஓவியமும் விளையாட்டும் பிள்ளைகளுக்குத் துணைநின்றன. பள்ளி மணி வழக்கம்போல் ஒலித்ததும் சிறு மருந்தன்று.

சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் மீனவ இளைஞர் அலைச்சறுக்கு பயின்று தேசியப் போட்டிகளில் பங்கேற்கின்றனர். காற்றின் திசையும் அலையின் எழுச்சியும் அவர்கள் சிறுவயது முதல் அறிந்தவை. குடும்பத் தொழிலில் பெற்ற அறிவு, ஊரார் மதிக்கும் திறனாக மாறும்போது தன்னம்பிக்கை வளர்கிறது.

உள்நாட்டு மாணவருக்கு அவ்வறிவு இல்லை. விடுமுறை நாளில் மெரினாவுக்கு வருவோர், கடலில் குளிக்கத் தடை இருந்தும் இறங்கிவிடுகின்றனர். கரையில் மோதிய நீர் சில இடங்களில் குறுகிய தடமாகக் கடலுக்குள் விரைந்து திரும்பும். அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் அந்நீரோட்டத்தின் தடம். அதில் இழுபட்டவர் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதன் பிடியிலிருந்து விலகலாம்.