உங்க பான் நம்பர்ல வேற யாரோ ஜி.எஸ்.டி. எடுத்திருந்தா என்ன பண்றது?

மாசச் சம்பளம் வாங்குற நமக்கும் ஜி.எஸ்.டி.க்கும் என்ன சம்பந்தம்? ஹோட்டல் பில்லுல கட்டுறதோட சரி. நானும் அப்படித்தான் நெனச்சேன். கூட வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் வருமான வரித் தளத்துல ஏ.ஐ.எஸ். அறிக்கையைத் திறந்தப்ப, அவர் பேர்ல ஜி.எஸ்.டி. டர்ன்ஓவர்னு ஒரு வரி. மனுஷன் வாழ்க்கையில ஒரு பெட்டிக்கடை கூட வச்சதில்ல!

இது நடக்கிற விதம் இதுதான். வேலை வாங்கித் தரேன், லோன் வாங்கித் தரேன்னு பான், ஆதார், போட்டோ வாங்கிக்கிறாங்க. கூடவே ஒரு ஓ.டி.பி. கேக்குறாங்க. அதை வச்சு உங்க பேர்ல ஒரு கம்பெனி பதிவாகுது. சரக்கே இல்லாம பில் போட்டு, இன்புட் கிரெடிட்டைக் கைமாத்திட்டுப் போயிடுவாங்க. பதிவுல இருக்கிற மொபைலும் ஈமெயிலும் அவங்களோடது. அதனால நோட்டீஸ் எல்லாம் அங்கதான் போகும். உங்களுக்குத் தெரிய வரும்போது வருஷம் ஓடியிருக்கும்.

செக் பண்ண ரெண்டு நிமிஷம் போதும். ஜி.எஸ்.டி. போர்ட்டல்ல 'சர்ச் டாக்ஸ்பேயர்', அதுல 'சர்ச் பை பான்'. லாகின் தேவையில்ல (கேப்ட்சா மட்டும் கொஞ்சம் படுத்தும்). அந்த பான்ல எந்தெந்த மாநிலத்துல பதிவு இருக்குன்னு மொத்தமா வந்துடும். 15 இலக்க எண்ல முதல் ரெண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, டெல்லி 07. அடுத்த பத்தும் உங்க பான்.

தெரியாத எண் வந்துச்சுன்னா இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. "ஒரு ஐயாயிரம் கொடுங்க சார், க்ளோஸ் பண்ணித் தரேன்"னு யாராவது சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. நீங்களே விண்ணப்பிச்சு ரத்து செய்யறது ரெக்-16 படிவம். அது தொழில் நடத்தினவர் கடையை மூடுறதுக்கானது. அப்படி மூடினாலும் பழைய வரிப் பாக்கி போகாதுன்னு பிரிவு 29(3) தெளிவா சொல்லுது. ஆக, காசும் கொடுத்து, கம்பெனி என்னோடதுதான்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

நீங்க கேக்க வேண்டியது வேற. மோசடியா வாங்கின பதிவை அதிகாரியே பிரிவு 29(2)-ன் கீழ் ரத்து செய்யலாம், பின்தேதியிட்டும் செய்யலாம். "பதிவான நாள்லேர்ந்தே ரத்து செய்யுங்க"ன்னு அந்த வரியை அப்படியே எழுதுங்க.

பான் தேடல்ல வர்ற பதிவுகள் மேல, இது என்னோடது இல்லன்னு போர்ட்டல்லயே புகார் கொடுக்கலாம். புகார் எண்ணைப் பத்திரமா வைங்க. அதோட நிறுத்தாதீங்க. அந்த எண்ணைத் தேடினா எந்த அலுவலகத்துக்குக் கீழ வருதுன்னு காட்டும். அங்க ஸ்பீடு போஸ்ட்ல ஒரு கடிதம் போடுங்க. கூடவே படிவம் 16, சம்பளச் சீட்டு, அந்தத் தேதிகள்ல நீங்க வேலையில இருந்ததுக்கு ஹெச்.ஆர். கடிதம், போலீஸ் புகாரோட சி.எஸ்.ஆர். நகல். ஆன்லைன்ல ஏமாந்திருந்தா 1930-க்கும் சொல்லுங்க. நண்பருக்கு வந்தது வேற மாநிலப் பதிவு. கடிதம் மூணு தடவை போட வேண்டியிருந்துச்சு, ஆனா ஹெச்.ஆர். கடிதம்தான் அவருக்குக் கை கொடுத்துச்சு.

ஏ.ஐ.எஸ்.-லயும் அந்த வரி மேல ஃபீட்பேக் கொடுக்கணும். 'இன்ஃபர்மேஷன் இஸ் டினைட்' தேர்வு பண்ணுங்க. இதை விட்டுட்டா வருமான வரிப் பக்கத்துலேர்ந்து தனியா கேள்வி வரலாம்.

வரி கட்டச் சொல்லி ஆர்டரே வந்துட்டா யூடியூப் பார்த்து சமாளிக்க வேண்டாம், நம்ம சேனல் உட்பட! ஆர்டர் கிடைச்சதுலேர்ந்து 3 மாசத்துக்குள்ள அப்பீல் போகணும். அதுக்கு சர்ச்சையில இருக்கிற வரியில 10% முன்கூட்டியே கட்டணும். அதனால அன்னிக்கே ஒரு ஆடிட்டரையோ வக்கீலையோ பாருங்க.