ஒயில் கசியும் வெட்டு மெசின்: சீலை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

மூதூர், தோப்பூர், கிளிவெட்டி, சேருவில எனப் பரந்து கிடக்கும் வயல்வெளிகளில் பெரும்போக வேளாண்மை வெட்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், சிறுபோக வெட்டு ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் நடைபெறுகிறது. வெட்டு மெசினை வாடகைக்கு விடுவோரின் வருட உழைப்பு இந்தச் சில வாரங்களில்தான் தங்கியுள்ளது. லீசிங் தவணையோ மாதம் தவறாமல் வருகிறது. எனவே, எஞ்சினில் ஒயில் கசிவதைச் சிறிய விடயமாக எண்ணிவிடக் கூடாது.

ஒயில் குறைந்தால் கிராங்க் பெயாரிங் பிடித்து எஞ்சினே இறுகிவிடும். கசிந்த ஒயிலில் வைக்கோல் தூசி படிந்து, சூடான புகைக்குழாய்க்கு அருகில் சேர்ந்தால் மெசின் தீப்பற்றவும் கூடும்.

முதலில் கசிவது எதுவென அறியுங்கள். எஞ்சின் ஒயில் கறுப்பாக இருக்கும். ஹைட்ரோலிக் ஒயில் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். டீசலை மணமே காட்டிவிடும். ஒயில் கம்பியில் மட்டம் கூடி, டீசல் மணமும் வந்தால் டீசல் உள்ளே கலக்கிறது என்பதே பொருள். அந்நிலையில் மெசினை ஓட்ட வேண்டாம்.

அடுத்து, எஞ்சினை நன்கு கழுவித் துடைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடர் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். ஒயில் கீழ்நோக்கி வடியும். விசிறிக் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆகவே, சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. நனைந்த இடங்களில் மிக உயரமானதே பெரும்பாலும் மூலமாகும்.

வால்வு கவர் கஸ்கட், ஒயில் பிரஷர் சுவிட்ச், ஒயில் பில்டர், சம்ப் நட்டின் வாஷர் ஆகியன செலவு குறைந்த இடங்கள். இவற்றை முதலில் பாருங்கள். புதிய பில்டர் பூட்டும்போது பழைய இறப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருந்தால் ஒயில் பீறிடும்.

கிராங்க் முன் சீலோ பின் சீலோ கசிந்தால் உடனே சீல் வாங்க ஓட வேண்டாம். பிரீதர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அது தூசியால் அடைபட்டால் உள்ளே அமுக்கம் கூடி, நல்ல சீலையும் தள்ளிவிடும். குழாயைச் சுத்தம் செய்த பின்னும், எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் தளர்த்தினால் புகை குபுகுபுவென வருமாயின், பிஸ்டன் வளையங்களோ லைனரோ தேய்ந்துள்ளன. அந்நிலையில் சீல் மாற்றுவது வீண் செலவு.

சீல் மாற்றும்போது தண்டில் பள்ளம் விழுந்துள்ளதா என விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளமிருந்தால் புதிய சீலும் நிலைக்காது. கசிவை அடக்கச் சம்ப் நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் தகடு வளையும். பசையை அள்ளிப் பூசினால் அது உள்ளே உதிர்ந்து ஒயில் வலையை அடைக்கும்.

பாவித்த மெசின் வாங்குவோர் கழுவிப் பளபளக்கும் எஞ்சினைக் கண்டு மயங்காமல், ஒரு மணித்தியாலமாவது ஓட்டிப் பார்த்தே விலை பேச வேண்டும். சொந்த மெசினை வெட்டுக்கு ஒரு மாதம் முன்பே கராஜுக்கு அனுப்புங்கள். வயல் முற்றி நிற்கும்போது மெசின் நின்றால், வாடகையோடு வாடிக்கையாளரும் கைவிட்டுப் போவார்.