மலைநாட்டுப் பாடலில் நிலம்

பாட்டிற்கு நிலமே அடிப்படை என்பது தமிழிலக்கண மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அந்நிலத்திற் பிறந்து வழங்குவன கருப்பொருள் எனவும், மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள் எனவும் வகுத்தார் தொல்காப்பியர். கருப்பொருளை எண்ணுமிடத்து, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் தொழிலையும் யாழின் பகுதியையும் அவர் சேர்த்து எண்ணியமை ஆழ்ந்து நோக்கற்பாலது. இசை நிலத்தைப் புறத்தே நின்று வருணிக்கும் கருவி மட்டும் அன்று. மரமும் புள்ளும் போல அதுவும் நிலத்தின் விளைவே என்பது இதனாற் பெறப்படும். இவ்வளவுகோல் கொண்டு ஈழத்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் நாட்டார் பாடல்களை நோக்கின், அவற்றின் தனித்தன்மை இனிது புலனாகும்.

ஹற்றனிலிருந்து நுவரெலியா வரை விரியும் நிலம் தோற்றத்தாற் குறிஞ்சியே. அருவியும் மூடுபனியும் ஆண்டு முழுதும் அங்கு உண்டு. ஆயின் அதன் கருப்பொருள் இயற்கையாய் அமைந்தது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்டது. 1869இற் பரவத் தொடங்கிய இலைநோயாற் கோப்பி வீழ்ச்சியுற, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இவ்விரு பயிர்களையும் வளர்த்த கைகள் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவை. மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தோரிற் பலர் வழியிலேயே நோயுற்று மாண்டனர். ஊரிற் கேள்வியால் அறிந்த 'கண்டிச் சீமை' வேறு. வந்து கண்ட சீமை வேறு. பாடல்கள் பிறந்தது இவ்வேறுபாட்டிலேயாம்.

தோட்ட உரிமையாளரும் தாம் பிரிந்த நிலத்தை மறந்தாரல்லர். பூண்டுலோயாவிலுள்ள டன்சினன், தலவாக்கலைப் பகுதியிலுள்ள ஹோலிரூட் என்னும் தோட்டப் பெயர்கள் ஸ்கொத்லாந்து மண்ணிலிருந்து வந்தவை. அவர்கள் தம் ஊர்ப்பெயரை மலைக்குச் சூட்டினர். பெயர் சூட்டும் அதிகாரம் அற்ற தொழிலாளர் தம் ஊரின் மெட்டை மலைக்குக் கொண்டுவந்தனர். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெம்மாங்கும் அவ்வாறு வந்தனவே.

மலை இப்பாடல்களில் எவ்வாறு தோன்றுகிறது? காட்சிப்பொருளாக அன்று, தொழிற்பொருளாகவே தோன்றுகிறது. தோட்ட வழக்கில் 'மலை' என்னும் சொல்லே பொருள் மாறியுள்ளது. கொழுந்து பறிப்பதற்கென வகுத்து எண்ணிட்ட நிலப்பகுதியே அங்கு மலை. கொழுந்து மலை, கவ்வாத்து மலை என்பன அத்தகைய வழக்குகள். ஒரு பெண்ணுக்குக் குறித்த செடிவரிசை நிரை. குளிர் என்றால் கம்பளி. மழை என்றால் இடுப்பிற் கட்டிய படங்கு. ஈரம் என்றால் காலிற் பற்றும் அட்டை. நாளின் நீளத்தை அளப்பது கதிரவன் அன்று. கணக்கப்பிள்ளை குறிக்கும் பேரும் அரைப்பேருமே. உயரத்திலே துரையின் பங்களா, தாழ்விலே லயம் என அமைந்த நிலத்தில் ஏற்றமும் இறக்கமும் வாழ்க்கைநிலையையும் குறிப்பனவாயின. பயணி கண்டு வியக்கும் பசுமையைச் சுமப்பவள் அதனைக் கூடையின் பாரமாகவே அறிவாள்.

இந்நிலத்திற்குரிய பறை தப்பு. முன்னாளில் விடியுமுன் லயங்களிலே தப்பொலி எழுந்தது. துயிலுணர்ந்தோர் பிரட்டுக்களத்திற்கு விரைந்து சென்று பெயர் கொடுத்து, ஏவிய மலைக்கு ஏறினர். அதே தப்பு சாவீட்டில் வேறு அடியில் ஒலிக்கும். மாசி அமாவாசையை அடுத்துத் தொடங்கும் காமன் கூத்தில் மற்றோர் அடியில் முழங்கும். பிரட்டிலே ஏவலின் குரலாயிருந்த கருவி, கூத்திலே மக்களின் சொந்தக் குரலாகின்றது. ஓசை பள்ளத்தாக்கின் மறுபுற லயத்தையும் எட்டுதலின், ஒரு மலையின் துயரும் விழாவும் அடுத்த மலைக்குத் தெரியவரும். நிலத்தின் அமைப்பே இவ்விசையின் ஒரு கூறு எனின் மிகையாகாது.

இனி உரிப்பொருளை நோக்குவோம். குறிஞ்சிக்குரிய ஒழுக்கம் புணர்தல். மலைநாட்டுப் பாடலில் மேலோங்குவதோ பிரிவு. தாயைப் பிரிந்தமையும், அழைத்து வந்த கங்காணியின் சொற்பொய்யும், கடலுக்கப்பாலுள்ள ஊரின் நினைவும் அவற்றின் பொருள். குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறும். இங்கோ ஓயாத மழையும் பனியும் பெய்யும் குறிஞ்சி, வெயிலால் அன்றிப் பிரிவால் பாலையாயிற்று.

எனினும் கதை அவ்வளவில் முடிந்ததன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இற் செய்த சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'அழுகைக் கோச்சி'. ஊருக்குத் திரும்புவோர் அழுவானேன்? பிரிந்தது ஊரையே என்பதுதான் விடை. சென்றோருட் பலர் நீலகிரியில், தமிழ்நாட்டரசு தாயகம் திரும்பியோர்க்காக 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். முன்னோர் பாலையாய் உணர்ந்த மலையே பின்னோர்க்குத் தாயூராயிற்று. உரிமையைச் சட்டம் மறுத்த காலத்தும் நிலத்தோடு கொண்ட உறவை இம்மக்களின் அழுகையும் பாட்டும் மெய்ப்பித்தன. இலங்கையில் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இற் பாராளுமன்றம் புகுந்த சி. வி. வேலுப்பிள்ளை, இப்பாடல்களைத் தேடித் திரட்டி 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். அப்பணி தொடர்தல் வேண்டும். பழைய மெட்டறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். மலையக இல்லங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் விடுமுறையிலே பாட்டியர்பாற் கேட்டு எழுதலாம். ஆயின் சொல்லை மட்டும் எழுதினால் பாட்டு நிரம்பாது. எந்தத் தோட்டம், எந்த மலை, எந்தத் தொழில், என்ன மெட்டு, தப்பின் எந்த அடி என்பனவும் உடன் குறிக்கப்பெறுதல் வேண்டும். பறையும் பண்ணும் தொழிலும் நிலத்தின் கருப்பொருள் என்ற தொல்லாசிரியர் கூற்று, இன்று பாடல் தொகுப்போர்க்கும் நல்வழி காட்டும் விதியாம்.